ஆடிக்குப் பிறகு ஆரம்பிக்கலாம்

தாமரை என்ன படிக்கிறாள் என்று அவள் அம்மாவுக்கு இன்றுவரை ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. யாராவது கேட்டால் "டாக்டருக்குப் படிக்குது" என்று முடித்துக்கொள்வார். கேட்டவர்கள் விடுவார்களா? மலேசியாவில், அவர்கள் ஊரான சுங்கை வேயில் ஒரு கல்யாணம், காதுகுத்து என்று தாமரை தலைகாட்டினால் போதும், முட்டிவலி, சர்க்கரை, தூக்கமின்மை எல்லாம் வரிசை கட்டி வந்து நிற்கும். "ஆன்டி, நான் அந்த டாக்டர் இல்ல" என்று சொல்லிச் சொல்லியே அவளுக்கு அலுத்துப்போனது. "அப்போ எந்த டாக்டர்?" என்று கேட்பார்கள். அதை விளக்கி முடிப்பதற்குள் பந்தியில் பாயசம் தீர்ந்துவிடும்.

நாம் கொஞ்சம் பொறுமையாகவே கேட்போம். மூளையிலிருந்து போகிற நரம்புக்கு மேலே ஓர் உறை உண்டு, கரண்டு வயருக்கு மேலே இருக்கிற பிளாஸ்டிக் மாதிரி. சிலருக்கு, ஏன் என்று இன்னும் யாருக்கும் முழுசாகத் தெரியவில்லை, உடம்பைக் காவல் காக்க வேண்டிய அணுக்களே அந்த உறையை அரிக்க ஆரம்பித்துவிடும். அப்புறம் ஒரு நாள் கண் மங்கும், இன்னொரு நாள் கால் மரத்துப்போகும். தானாகவே சரியாகும். சரியாகிவிட்டது என்று மூச்சு விடும்போது மறுபடி வரும். மல்டிபிள் ஸ்குலரோசிஸ் என்று பெயர். ஆஸ்பத்திரியில் எம்.எஸ். என்பார்கள். போன உறையைத் திரும்பக் கட்டுகிற செல்களும் மூளைக்குள்ளேயே இருக்கின்றன. அவை சிலரிடம் ஏன் வளராமல் குழந்தையாகவே நின்றுவிடுகின்றன என்பதுதான் தாமரையின் ஆராய்ச்சி.

எலிக்குட்டியின் மூளையிலிருந்து அந்தச் செல்களை எடுப்பாள். தட்டில் வளர்ப்பாள். நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை அதில் விட்டுவிட்டு, வளர்கிறதா வளரவில்லையா என்று நாள்கணக்கில் காத்திருப்பாள். "எலி அறுக்குறதுக்கா இத்தன வருசம்?" என்று அப்பா ஒருமுறை கேட்டார். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் சரக்கு தூக்குகிற போர்க்லிப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. கூடப் படித்தவர்கள் எல்லாம் வீடு வாங்கி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளே தமிழ்ப்பள்ளியில் சிலேட்டு தூக்க ஆரம்பித்துவிட்டார்கள். தாமரையோ முப்பது தாண்டியும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்கு மேலே அறை எடுத்துக்கொண்டு, வார இறுதியில் டியூஷன் சொல்லிக்கொடுத்து, மற்ற நாளெல்லாம் ரயிலும் ஆய்வுக்கூடமுமாகக் கிடந்தாள். நல்ல பெண்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்கிற வெறி ஒன்று அவளுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. அது பொல்லாத வெறி.

இந்த நோய் நம் பக்கம் அரிது. அதிலும் தாமரைக்கு வேண்டியது இன்னும் மருந்தே ஆரம்பிக்காத நோயாளி. மருந்து உள்ளே போய்விட்டால் ரத்தத்தின் குணம் மாறிவிடும், பிறகு அது அவளுக்கு ஆகாது. ஒரே ஆளிடம் சில மாத இடைவெளியில் மூன்று தடவை ரத்தம் எடுத்தால்தான் அவள் சொல்ல வந்தது உறுதிப்படும். அதற்காக எவருடைய மருந்தையும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்பது விதி. தானாகத் தாமதமானால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இரண்டு தடவை கொடுத்தவர்கள் சிலர் கிடைத்தார்கள், மூன்று தடவை கொடுத்தவர் ஒருவரும் இல்லை. அந்த நேரத்தில்தான் கிள்ளானிலிருந்து உஷாராணி வந்து சேர்ந்தாள்.

உஷாராணி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். நாற்பதைத் தாண்டியவள், கிள்ளான் பண்டமாரானில் வீடு. புருஷன் வேலாயுதம் துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறார். "எங்க வீட்டுல ஆளுக்கொரு ஸ்டியரிங்" என்று சொல்லித் தானே சிரிப்பாள். இடது கை மரத்துப்போய் வந்தவளை கோலாலம்பூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ஸ்கேன் எடுத்து, எம்.எஸ். என்று சொல்லியிருந்தார்கள். அந்த அதிர்ச்சியோடு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளிடம்தான் தாமரை போய் நின்றாள்.

"அக்கா, ஆராய்ச்சிக்காகக் கொஞ்சம் ரத்தம் வேணும். இதுல உங்களுக்கு வைத்தியம் எதுவும் கெடையாது. வேணாம்னாலும் பரவால்ல."

உஷாராணி நிமிர்ந்து பார்த்தாள். "நம்ம புள்ளையா நீ? எந்த ஊரு?"

"சுங்கை வே, அக்கா."

"அட! எடு லா, எவ்வளவு வேணுமோ எடு. காலையிலேருந்து மலாய்லயே பேசிப் பேசி எனக்கு என்ன நோவுன்னே மறந்துபோச்சு."

நர்ஸ் வந்து ஊசி குத்தி ரத்தம் எடுத்து முடிப்பதற்குள் உஷாராணி தாமரையைத் தங்கையாக்கிக்கொண்டுவிட்டாள். சாப்பிட்டாயா, அறையில் கொசு இருக்கிறதா, இந்தப் படிப்பு முடிந்தால் பேருக்கு முன்னால் டாக்டர் போடுவார்களா, எல்லாம் விசாரித்தாயிற்று. அன்றிலிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்திகள். பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க, சிவப்பு விளக்கில் வேனை நிறுத்திக்கொண்டு பேசுவாள். ஆஸ்பத்திரிக்கு வரும் நாளில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் ஒன்று தாமரைக்கும் சேர்த்து வரும். ஒருமுறை வேன் வாங்கிய கதையைச் சொன்னாள். ஆடி மாசத்தில் வாங்கக் கூடாது என்று மாமியார் ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தாராம். "ஆடியாவது பூடியாவது! நல்ல வண்டி, நாம வர்ற வரைக்கும் அங்கயே நிக்குமா? போய் எடுத்துட்டு வந்துட்டேன்" என்றாள். தாமரை வயிறு வலிக்கச் சிரித்தாள்.

முதல் ரத்தத்தின் முடிவு வந்தபோது தாமரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உஷாராணியின் சீரத்தை விட்ட தட்டில் செல்கள் வளரவே இல்லை. மற்றவர்களின் ரத்தத்தில் கொஞ்சம் வளர்ந்து கொஞ்சம் நின்றன. உஷாராணியின் ரத்தத்தில் ஒட்டுமொத்தமாக நின்றுபோயின. இவ்வளவு தெளிவான முடிவை அவள் கண்டதில்லை. அவளுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான பேராசிரியர் ரொஸ்னா அவள் தோளில் தட்டிக்கொடுத்தார். ஒரு மனுஷியின் உடம்பில் உறை திரும்ப வளராது என்று காட்டுகிற ஒரு படத்தைப் பார்த்துத்தான் இவ்வளவு மகிழ்ச்சி என்பது தாமரைக்கு அப்போது உறைக்கவே இல்லை. பிற்பாடு உறைத்தது, நன்றாகவே உறைத்தது.

ஏப்ரலில் இரண்டாம் ரத்தம். அதற்குச் சற்று முன்னால்தான் உஷாராணிக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் வோங் மருந்தைப் பற்றிப் பேசியிருந்தார். வாரா வாரம் வீட்டிலேயே போட்டுக்கொள்கிற ஊசி. நோயை அடியோடு போக்காது, ஆனால் அடுத்த தாக்குதல் வருவதைக் குறைக்கும். யோசித்துச் சொல்கிறேன் என்றிருந்தாள் உஷாராணி. "இன்னும் ஆரம்பிக்கலையா, அக்கா?" என்று தாமரை கேட்டாள். "இல்லயே, ஏன்?" என்றாள் அவள். அப்போது தாமரையின் வாயிலிருந்து வந்தது இதுதான்: "அப்பாடா! நல்ல வேளை!"

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "எனக்காக நிறுத்தாதீங்க அக்கா, டாக்டர் சொன்னா உடனே ஆரம்பிச்சுடணும்" என்று விதிப்படி சொல்லவும் சொன்னாள். உஷாராணி கேட்டுக்கொண்டாள். ஆனால் எந்த அக்காவும் தங்கையின் முகத்தைப் பார்த்துத்தான் நடப்பாள், பின்னால் வருகிற பேச்சைப் பார்த்து அல்ல.

ஏப்ரல் போனது, மே போனது. ஊசியென்றால் பயம் என்றாள் உஷாராணி. பள்ளித் தேர்வு முடியட்டும் என்றாள். பிறகு ஜூலை. டாக்டர் வோங் இந்த முறை விடவில்லை. "மருந்து தயாரா இருக்கு, அடுத்த வாரமே ஆரம்பிச்சுடலாம்" என்றார். மூன்றாம் ரத்தத்துக்கு இன்னும் சில வாரம் இருந்தது. தாமரையும் அந்த அறையில் நின்றிருந்தாள்.

உஷாராணி மலாயில் பதில் சொன்னாள். "டாக்டர், எங்களுக்கு இது ஆடி மாசம். ஆடியில நாங்க புதுசா எதையும் ஆரம்பிக்க மாட்டோம். ஆடிக்குப் பிறகு ஆரம்பிக்கலாம்."

டாக்டர் வோங் பேனாவை வைத்துவிட்டுத் தாமரையைப் பார்த்தார். "அப்படி ஒரு பழக்கம் இருக்கா? மருந்துக்குக்கூடவா?"

ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், புது வீடு குடிபோக மாட்டார்கள், அது சரி. தலைவலி மாத்திரையை ஆவணிக்குத் தள்ளிவைத்த தமிழனை யாராவது எங்கேயாவது பார்த்ததுண்டா? அதுவும் ஆடியிலேயே வேனை எடுத்துக்கொண்டு வந்த இந்த மகராசியா ஆடி பார்க்கிறவள்? எல்லாம் தாமரைக்குத் தெரியும். கூடவே மூன்றாம் ரத்தமும், அது கிடைத்தால் முடிகிற அத்தியாயமும், பாயசப் பந்தியில் நிற்கிற அம்மாவின் முகமும் வந்து நின்றன. அவள் தலையை ஆட்டினாள்.

"ஆமா டாக்டர். சிலர் அப்படிப் பார்ப்பாங்க."

டாக்டர் வோங் நல்ல மனுஷன். பிறர் நம்பிக்கையில் கை வைக்காதவர். ஒரு மாதம்தானே என்று சொல்லி அடுத்த தேதியைக் கொடுத்தார். வெளியே வந்ததும் உஷாராணி தாமரையின் கையை இறுக்கிப் பிடித்துச் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று தாமரை கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளே!

ஆகஸ்டு தொடக்கத்தில் மூன்றாம் ரத்தம் எடுத்தாயிற்று. ஒரு வாரம் ஆகியிருக்காது. காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது உஷாராணியின் வலது கண் வலித்தது, பிறகு நடுவில் புகை படிந்த மாதிரி ஆனது. முன்னால் போகிற மோட்டார் சைக்கிள் அந்தப் புகைக்குள் போய்க் காணாமல் போனது. அவள் மடத்தனம் எதுவும் செய்யவில்லை. ஓரமாக நிறுத்தினாள், விளக்கைப் போட்டாள், இன்னொரு வேன்காரியை போனில் கூப்பிட்டுப் பிள்ளைகளைப் பத்திரமாக மாற்றி அனுப்பினாள். கடைசிப் பிள்ளையும் இறங்கிய பிறகுதான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாளாம்.

தாமரை வார்டுக்கு ஓடினாள். உஷாராணிக்குக் கையில் ஸ்டீராய்டு ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வேலாயுதம், துறைமுகத்துச் சட்டையோடு அப்படியே வந்திருந்தார். அவருக்குக் கோபத்தை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை.

"ஆடி பாத்தாளாம், ஆடி! டாக்டரு மருந்த நீட்டியும் வேணாம்னிருக்கா. என்னைக்குடி நீ ஆடி பாத்த? எங்கம்மா சொன்னப்ப கேட்டியா?" என்று பெண்டாட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தவர், தாமரையைக் கண்டதும் குரலைத் தணித்தார். "நீங்க படிச்ச புள்ள. பக்கத்துலேயே இருந்திருக்கீங்க. நீங்களாவது ரெண்டு வார்த்த எடுத்துச் சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

படுக்கையிலிருந்து உஷாராணி முந்திக்கொண்டாள். "அவள ஏன் கேக்குறீங்க? அவ சொல்லத்தான் செஞ்சா. நான்தான் கேக்கல."

தாமரை மறுக்கவில்லை. அவமானம் இருக்கிறதே, அது காது மடலில் தொடங்கி உள்ளங்கால் வரை இறங்கியது. அப்போதும் மறுக்கவில்லை. ஆடி பார்த்து மருந்தைத் தள்ளிய மூடநம்பிக்கைக்காரி என்று புருஷன் திட்டுகிறார், வார்டு முழுக்க அப்படித்தான் நினைக்கிறது, உஷாராணி அதை வாங்கிக்கொண்டு படுத்திருக்கிறாள். தலையாட்டியவளோ சுத்தமான வெள்ளைச் சட்டையோடு கட்டில் ஓரம் நிற்கிறாள்.

வேலாயுதம் டீ வாங்கக் கீழே போனார். உஷாராணி சைகை காட்டித் தாமரையைக் குனியச் சொன்னாள்.

"மூணும் குடுத்தாச்சுல்ல? போதும்ல உனக்கு? இப்ப இந்த மருந்து ஏறுதே, அதனால முன்ன எடுத்தது ஒண்ணும் கெட்டுப்போகாதே?"

"கெட்டுப்போகாது, அக்கா."

"அது போதும். கடைசி ரத்தம் முடியுற வரைக்கும்னுதான் இழுத்துப் புடிச்சேன். இந்த வோங் டாக்டரு அவசரப்பட்டாரா, சட்டுன்னு வாயில ஆடி வந்துச்சு. நீயும் கப்புன்னு புடிச்சுக்கிட்ட பாரு! எனக்கு அப்ப எவ்வளவு சந்தோசம் தெரியுமா? நாம ரெண்டு பேரும் சேந்து ஒரு காரியம் பண்ற மாதிரி இருந்துச்சு." ஒரு கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். "நீ டாக்டரானதும் வேன்ல எல்லா புள்ளைங்ககிட்டயும் சொல்லணும்னு வெச்சிருக்கேன்."

தாமரை வார்டிலிருந்து எப்படி வெளியே வந்தாள் என்பது அவளுக்கே நினைவில்லை.

அடுத்து வந்த நாள்களில் மனசு செய்த வக்கீல் வேலை இருக்கிறதே, அப்பப்பா! அந்த ஊசி வேலை செய்ய ஆரம்பிக்கவே சில மாதம் ஆகும், ஜூலையில் ஆரம்பித்திருந்தாலும் ஆகஸ்டில் தடுத்திருக்காது என்றது. உண்மைதான், எந்த நிபுணரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார். அப்போ ஏப்ரல்? ஏப்ரலில் ஆரம்பித்திருந்தால்? ஏப்ரலில்தான் "நல்ல வேளை" என்று சொன்னாய் என்றது அதே மனசு. மருந்து போட்டவர்களுக்கும் தாக்குதல் வரத்தான் செய்கிறது, ஒரு தனி ஆளுக்கு எது தடுத்திருக்கும் எது தடுத்திருக்காது என்று யாரும் சொல்ல முடியாது. சரி, சொல்ல முடியாது. ஆனால் நீ தலையாட்டினாய், அதைச் சொல்ல முடியும். இந்த வாதத்தில் அவள் ஒவ்வொரு நாளும் ஜெயிப்பதுபோல ஆரம்பித்து ஒவ்வொரு நாளும் தோற்றாள்.

உஷாராணியின் பார்வை கொஞ்சம் திரும்பியது. முழுசாகத் திரும்பவில்லை. வலது கண்ணின் நடுவில் ஒரு சாம்பல் வட்டம் அப்படியே தங்கிவிட்டது. பிள்ளைகளை ஏற்றி வண்டி ஓட்டுவதற்கு இனி அனுமதி கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே வாரத்தில் மூன்றாம் ரத்தத்தின் முடிவு வந்தது. முதலிரண்டு போலவே, கண்ணாடி மாதிரித் தெளிவு. "இதுதான் உன் தீசிஸின் முதுகெலும்பு" என்றார் பேராசிரியர் ரொஸ்னா. தாமரை அந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தாள். நோயாளியின் பெயர் எழுதக் கூடாது, எண்தான் எழுத வேண்டும். அந்த எண்ணை அடித்ததும் நாசி லெமாக் வாசனை வந்த மாதிரி இருந்தது. கம்ப்யூட்டரை மூடிவிட்டு எழுந்து பேராசிரியரின் அறைக்குப் போனாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். "நல்ல வேளை" முதல் வார்டில் வாய் மூடி நின்றது வரைக்கும். ரொஸ்னா கண்டிப்பானவர், ஆனால் கத்துகிறவர் அல்ல.

"அவங்க உன்ன தங்கச்சியா நெனச்சாங்க. நீ அப்ப அந்த ரூம்ல யாரா நின்ன?" என்று கேட்டார்.

நடந்ததையெல்லாம் தாமரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

விஷயம் நெறிமுறைக் குழுவுக்குப் போனது. குழு விசாரித்தது. உஷாராணியின் ரத்தம் மூன்றையும் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட வேண்டும், அந்த அத்தியாயம் கிடையாது என்று முடிவானது. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று. வேறு நோயாளிகளைத் தேடி, இன்னும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ. படிப்பிலிருந்தே நீக்காமல் விட்டது பெரிய காரியம் என்று ரொஸ்னா சொன்னார். தாமரைக்கு ஆச்சரியம் என்னவென்றால், இவ்வளவும் கேட்ட பிறகு நெஞ்சு லேசாகியிருந்தது. பல வாரம் கழித்து அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

அந்த லேசான நெஞ்சோடுதான் ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போனாள். வேலாயுதம் வாசலில் வேனை ஸ்டார்ட் போட்டு வைத்திருந்தார். ஓட்ட ஆள் இல்லாவிட்டாலும் பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று தினமும் கொஞ்ச நேரம் அப்படி வைப்பாராம். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். தாமரை இரண்டு பேருக்கும் முன்னால் சொன்னாள். அக்கா ஆடி பார்க்கவில்லை, எனக்காகப் பொய் சொன்னார், அது பொய் என்று தெரிந்தே நான் தலையாட்டினேன், வார்டில் நீங்கள் கேட்டபோதும் மறைத்தேன், இப்போது மேலே சொல்லிவிட்டேன், அந்த ரத்தம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள்.

வேலாயுதம் பெண்டாட்டியைப் பார்த்தார். இத்தனை நாளும் அவளைத் திட்டிய திட்டெல்லாம் அவர் முகத்தில் வந்து போனது. எழுந்து வெளியே போய் வேனின் இஞ்சினை அணைத்தார். உள்ளே திரும்பி வரவில்லை.

உஷாராணி கேட்டாள். "எடுத்துட்டாங்கன்னா?"

"அத இனிமே பயன்படுத்த மாட்டாங்க, அக்கா. அழிச்சிடுவாங்க."

"மூணையுமா?"

"மூணையும்."

"உன்ன யாரு போய்ச் சொல்லச் சொன்னது?" அவள் குரல் ஏறவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நான் கேட்டேனா? அந்த மனுசன் திட்டுறாருன்னு உங்கிட்ட வந்து அழுதேனா? போனது போச்சு, ஒரு புள்ள படிச்சு முடிக்கிறதுக்காச்சும் ஆச்சேன்னு இருந்தேன். காலையில எந்திரிச்சு இந்த வேனப் பாக்குறப்பல்லாம் அதச் சொல்லித்தான் மனச தேத்திக்கிட்டேன். இப்ப அதையும் எடுத்துட்டுப் போயிட்ட."

"தப்பு பண்ணிட்டேன், அக்கா. அத மறைச்சு வெச்சு டாக்டர் பட்டம் வாங்க முடியல. மன்னிச்சிருங்க."

"உன் மனசு சுத்தமாயிருச்சு, தாமர. என் கண்ணு?"

வெளியே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். உஷாராணி எழுந்து அடுப்படிக்குப் போனாள். தாமரை செருப்பை மாட்டிக்கொண்டு, வேனின் ஓரமாக நின்றிருந்த வேலாயுதத்திடம் சொல்லிக்கொண்டு ரயிலுக்கு நடந்தாள். வரும்போது இருந்த லேசு எதுவும் இல்லை. தன் பாரத்தை இறக்கி வைக்க இடம் தேடி, அதை அந்தப் பெண்ணின் மடியிலேயே இறக்கிவிட்டு வந்திருக்கிறோம் என்பது பாடாங் ஜாவா ஸ்டேஷன் தாண்டும்போது அவளுக்குப் புரிந்தது. பேராசிரியரிடம் சொன்னது தப்பில்லை, இன்னொரு முறை கேட்டாலும் சொல்வாள். ஆனால் அது உஷாராணிக்குக் கொடுத்தது எதுவுமில்லை, இருந்ததையும் பிடுங்கியதுதான் மிச்சம். ரயிலில் எதிரே இருந்த ஆன்டி டிஷ்யூ எடுத்து நீட்டுகிற அளவுக்கு அழுதாள்.

செப்டம்பரில் உஷாராணிக்கு முதல் ஊசி. தேதியை டாக்டர் வோங்கின் நர்ஸ் சொல்லித்தான் தாமரைக்குத் தெரியும். அன்றைக்கு வேலாயுதத்துக்கு ஜொகூருக்கு லோடு. கூட்டிப்போக வரட்டுமா என்று தாமரை வாட்ஸ்அப்பில் கேட்டாள். படித்ததற்கு அடையாளமாக நீலக் கோடு விழுந்து, இரண்டு நாள் கழித்து, "சரி" என்று ஒரே வார்த்தை வந்தது. குரல் செய்தி இல்லை. அது போதும் என்று நினைத்துக்கொண்டாள். அப்பாவின் பழைய காரைக் கேட்டு வாங்கிக்கொண்டு, சீட்டில் கிடந்த குப்பையெல்லாம் துடைத்து, பண்டமாரானுக்கு நேரத்தோடு போய் நின்றாள்.

வாசலில் வேன் இல்லை. விற்றுவிட்டார்கள் போலிருந்தது. சிமெண்டுத் தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. தாமரை இறங்கிப் போய் முன்கதவைத் திறந்து பிடித்தாள். உஷாராணி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். திறந்திருந்த கதவைத் தாண்டிப்போய், வாடகைக்கு வருகிற கிராப் காரில் ஏறுகிறவள் மாதிரி பின்கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

"முன்னாடி வாங்களேன், அக்கா. காலு நீட்டிக்கலாம்."

"இல்லீங்க, இருக்கட்டும். முன்னாடி ஒக்காந்தா எனக்கு ரெண்டு கையும் ஸ்டியரிங்கத் தேடும். நீங்க ஓட்டுங்க."

இத்தனை மாதத்தில் அவள் வாயிலிருந்து தாமரைக்கு ஒரு "நீங்க" வந்ததே கிடையாது. தாமரை முன்கதவைச் சாத்தினாள். சுற்றி வந்து ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தாள்.